கிறீமும் முதற்பாலும்

வாசகி ஒருவர் தக்காளிச் சூப்பைப் பற்றி எழுதியிருக்கின்றார். சூப் கொதித்துக்கொண்டிருக்கையில் கடையில் வாங்கிய கிறீமை ஊற்றினாராம். கண் மூடித் திறப்பதற்குள் அது வெண்ணிறத் துணுக்குகளாகத் திரைந்துவிட்டதாம். கிறீம் பழுதடைந்திருக்கின்றது என்றெண்ணி, விருந்தினர் வருமுன் முழுவதையும் கொட்டிவிட்டார். "இனி எங்கள் வீட்டில் கிறீம் என்ற பேச்சே இல்லை" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

சகோதரி சற்று அவசரப்பட்டுவிட்டார். அவர் கொட்டியது பெரும்பாலும் நல்ல சூப்பாகவே இருந்திருக்கும். கிறீம் பழுதானால் புளித்த நாற்றம் காட்டும். பெட்டி ஊதிப் பருத்திருக்கும். அவ்வாறானதைத் தயங்காது எறிந்துவிட வேண்டும். மணமும் சுவையும் மாறாத கிறீம் சூப்பில் வீழ்ந்து திரைந்தால், அது பார்வைக்குக் குறையே அன்றி உடலுக்குத் தீங்கன்று. வடித்தெடுத்து அரைப்பானில் ஒரு முறை சுழற்றியிருந்தால் விருந்தினர் அறிந்திருக்கவே மாட்டார்கள். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிற் பால்மாவுக்காக வரிசையில் நின்ற குடும்பங்கள் நாம். பாலைச் சேர்ந்த எதனையும் காரணம் அறியாமற் கொட்ட மனம் வருமோ?

காரணத்தைப் பார்ப்போம். பால் என்பது நீரிலே நுண்ணிய கொழுப்புத் துளிகள் பரவி நிற்கும் கலவை. பசுப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு கொழுப்பு உண்டு. எருமைப்பாலில் 7, 8 பங்கு வரை இருக்கும். கொழுப்பு நீரினும் இலேசானது. ஆதலால் கறந்த பாலை அசையாது வைத்தால் அத்துளிகள் மெல்ல எழுந்து மேலே திரளும். இத்திரளே கிறீம். முன்னாளில் மேல்நாட்டார் அகன்ற தட்டங்களிற் பாலை இரா முழுவதும் வைத்திருந்து காலையில் வழித்தெடுத்தனர். 1878 இல் சுவீடன் நாட்டு குஸ்தாவ் டி லாவல் சுழற்சியினாற் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்த பின்னர் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

நம் வீடுகளிற் காய்ச்சிய பாலின்மேற் படியும் ஆடை இதனின்றும் வேறானது. அதிலே கொழுப்போடு, வெப்பத்தால் இறுகிய புரதமும் கலந்திருக்கின்றது. நாள்தோறும் சேர்த்த ஆடையை உறையவிட்டுக் கடைந்தால் வெண்ணெயும், அதை உருக்கினால் நெய்யும் கிடைக்கும். பாயாசத்திற் கரைத்தாலும் நன்றே. ஆனால் கிறீமைப் போல் நுரைக்க அடித்தால் அது பொங்கி நிற்பதில்லை.

இனி, சூப் திரைந்த கதை. கிறீமில் உள்ள சிறிதளவு பாற்புரதம் புளிப்பையும் கடுஞ்சூட்டையும் ஒருங்கே தாங்காது. ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கட்டியாகும். தக்காளியோ புளிப்புடையது, சூப்போ கொதிநிலையில் இருந்தது. கொழுப்பு மிகுந்த கிறீமிற் புரதத்தின் பங்கு குறைவாதலால் அது பெரும்பாலும் தாங்கும். மெல்லிய கிறீம் எளிதிற் திரையும். சமையலுக்கென விற்கப்படும் சிலவற்றில் நிலைப்படுத்தும் பொருள்கள் சேர்ந்திருப்பதால் அவையும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். சூப்பை அடுப்பினின்று இறக்கிக் கொதி அடங்க விடுக. கிறீமைக் குளிர்ப்பெட்டியினின்று முன்னரே எடுத்து வைத்திருக்க வேண்டும். அதை ஒரு கிண்ணத்திலிட்டு, ஓர் அகப்பைச் சூடான சூப்பைச் சிறிது சிறிதாக அதனுள் ஊற்றிக் கலக்குக. சூப்பைக் கிறீமிற்கு ஊற்றுகின்றோம் என்பதைக் கவனிக்க. கிறீம் சூட்டுக்குப் பழகிய பின், அனைத்தையும் பானையிற் சேர்க்கலாம். முன்னதாக ஒரு தேக்கரண்டி கோதுமை மாவை வெண்ணெயில் வாட்டிச் சூப்பிற் கரைத்திருந்தால் இன்னும் பாதுகாப்பு. மாப்பசை புரதத்தைக் கட்டிபடாமற் காக்கும். கிறீம் சேர்ந்தபின் மீண்டும் கொதிக்கவிடுவது கூடாது.

பூசணிக்காய்ச் சூப், மசித்த உருளைக்கிழங்கு, கீரை மசியல் ஆகியவற்றிற் புளிப்பு இல்லாமையால் இத்தனை முன்னெச்சரிக்கை வேண்டியதில்லை. நால்வருக்கான கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கொழுப்பு மிகுந்த கிறீமின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருக்கின்றது. தாராளமாக ஊற்றுவோர் இதை நினைவிற் கொள்க.

இவ்வளவையும் வாசித்த மூத்த தாய்மார் சிரித்திருப்பார்கள். ஏனெனில் இந்த விதி அவர்கள் அறியாததன்று. சொதி வைக்கும் முறையை நோக்குங்கள். தேங்காய்ப்பூவை முதலிற் சிறிதளவு இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிழிந்து முதற்பாலைத் தனியே வைக்கின்றோம். மீண்டும் நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம், மூன்றாம் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வேகின்றன. எல்லாம் வெந்த பின்னரே முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டிருந்து, முதற் கொதி எழும்போதே இறக்கிவிடுகின்றோம். சற்று ஆறிய பின்னரே தேசிக்காய்ப் புளி. முதற்பாலும் நீரிற் பரவிய கொழுப்பே. அதைப் பிணைத்து வைத்திருப்பதும் புரதமே. சூடு ஏறத்தாழ 80 பாகை செல்சியசை அடைகையில் அப்புரதம் இறுகத் தொடங்கும். துழாவாமல் நெடுநேரம் கொதித்தால் பால் பிரிந்து எண்ணெய் மிதக்கும். கொதிக்கையிற் புளியை விட்டாலோ உடனே திரையும்.

தொதல் கிண்டுவோர் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே எண்ணெய் பிரிந்து தாச்சியின் ஓரத்திற் கசியும்வரை விடாது கிண்டுவதே பக்குவம். சொதியிற் குற்றமாவது தொதலிற் குணமாகின்றது.

மனைப்பொருளியல் பயிலும் மாணவியர் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே முதற்பாலை இரு சிறு பாத்திரங்களிற் பங்கிட்டு, ஒன்றை மெல்லிய தீயிற் துழாவிச் சூடாக்கி இறக்குக. மற்றொன்றைத் துழாவாமற் பத்து நிமிடம் கொதிக்கவிடுக. ஆறிய பின் இரண்டையும் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி ஒப்பிட்டால் பாடநூலின் ஒரு பக்கம் கண்முன் நிற்கும்.

சொதிக்கும் பால் அப்பத்துக்கும் முதற்பாலுக்குப் பதிலாகக் கிறீம் விடலாமா என்று கேட்போரும் உளர். தேங்காயொன்று 200 ரூபாவையும் தாண்டி விற்ற 2025 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களை எண்ணினால் கேள்வியிற் தவறில்லை. எனினும் என் விடை, வேண்டாம் என்பதே. கறிவேப்பிலையும் மஞ்சளும் தேசிக்காயும் தேங்காய்ப்பாலோடு கூடியே சொதியின் மணத்தைத் தருகின்றன. பசும்பாற் கொழுப்பு அம்மணத்தை மழுக்கிவிடும். வட்டிலப்பமும் அவ்வாறே தேங்காய்ப்பாலுக்குரியது. ஆனால் சவ்வரிசிப் பாயாசம் பசும்பாலோடும் இணங்கும். தேங்காய் அரிதான நாளில் பாயாசத்தை இறக்கிய பின் மூன்று மேசைக்கரண்டி கிறீம் விட்டு, நெய்யிற் பொரித்த கஜுவைத் தூவினால் ஒருவரும் குறை கூறார். பாற்பொருள் உடலுக்கு ஒவ்வாதவர் வீட்டில் இருப்பின் தேங்காயே துணை.

கிறீம் தனியரசு செலுத்துவது குளிர்ந்த பழ இனிப்புகளிலேதான். இங்கே பெட்டியின் மேலுள்ள எழுத்தை வாசிக்காமற் பணம் கொடுக்க வேண்டாம். கொழுப்பு நூற்றுக்கு 30 பங்கிற் குறைந்தால் எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. அடித்து அலங்கரிப்பதற்கென்று விற்கப்படுபவற்றிற் சில பாலினின்று வந்தவையே அல்ல; தாவர எண்ணெயினாற் செய்யப்பட்டவை. அவை அழகாக நிற்கும், நாவில் மெழுகு போல் ஒட்டும். பாலின் விலை கொடுத்து எண்ணெய் வாங்குவானேன்?

கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்துக்கு ஒரு பக்குவம் சொல்லுகின்றேன். நன்கு கனிந்த பழம் இரண்டின் சதையை மசித்து, நார் இருந்தால் வடித்து, குளிர்ப்பெட்டியில் வைக்க. கிறீம் 200 மில்லிலீற்றர், கிண்ணம், அடிக்கும் கருவி மூன்றையும் அவ்வாறே ஒரு மணி நேரம் குளிரச் செய்க. நம் நாட்டு வெயிலில் இதைத் தவிர்க்க முடியாது. சூடேறிய கிறீமிற் கொழுப்புத் துளிகள் இளகிக் காற்றைப் பிடித்து வைக்க மாட்டா. மின்விசிறியடியிலும் அடுப்பருகிலும் நில்லாது, கிண்ணத்தைப் பனிக்கட்டி நீரின்மேல் வைத்து, இரண்டு மேசைக்கரண்டி சீனி சேர்த்து அடிக்க. கருவியை உயர்த்தும்போது கிறீம் மெல்லிய கொம்பு போல் எழுந்து நுனி வளையும். அத்துடன் நிறுத்துக. மேலும் அடித்தால் முதலில் மணல் போலாகி, பின்னர் வெண்ணெயும் நீருமாகப் பிரியும். அப்படியாயினும் கவலையில்லை. தொடர்ந்து அடித்து வெண்ணெயைத் திரட்டிக் காலைப் பாணுக்குத் தடவலாம். சீனி கலந்திருப்பதால் சிறுவர் மகிழ்வர்.

சரியான பதத்தில் நின்ற கிறீமுடன் மாம்பழக் கூழை மும்முறையாகச் சேர்த்து, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குக. முழுவதும் ஒன்றாகிவிட வேண்டியதில்லை. மஞ்சளும் வெள்ளையும் கோடு கோடாக நிற்பதே அழகு. சிறு கிண்ணங்களில் இட்டு ஒரு மணி நேரம் குளிரவைத்து அன்றே பரிமாறுக. மறுநாளைக்கு வைத்தால் நீர் விட்டுத் தளர்ந்துவிடும்.