அப்டோஸ் இருக்கட்டும், தமிழுக்கு என்ன எழுத்துரு?

வேர்டைத் திறந்ததும் எழுத்து வேற மாதிரி தெரியுதே என்று பலரும் கவனித்திருப்பார்கள். 2007 முதல் இயல்பு எழுத்துருவாக இருந்த கேலிப்ரியை மாற்றி, 2023 ஜூலையில் அப்டோஸை அறிவித்தது மைக்ரோசாப்ட். அழகா, அசிங்கமா என்று உலகம் முழுக்கப் பட்டிமன்றம் நடந்தது. ஜவ்வாது மலையில் தமிழில் கோப்பு தயாரிப்பவருக்கு அந்தப் பட்டிமன்றத்தில் வேலையே இல்லை. அப்டோஸில் தமிழ் எழுத்தே கிடையாது.

அப்புறம் தமிழ் எப்படித் தெரியுது? ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ், அரபி போன்றவற்றுக்கு வேறொன்று என வேர்ட் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஆபீஸின் இயல்பு தீமில் தமிழுக்கு நேராக எழுதியிருக்கும் பெயர் லதா. ஆனால் விண்டோஸ் 10 முதல் லதா எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை. கூடுதல் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காத கணினியில் நிர்மலா யூஐ வந்து நிற்கும். எழுத்தின் அகலம் மாறும், ஒரு பக்கப் படிவம் ஒன்றேகால் பக்கமாகும், கையெழுத்துப் போடும் இடம் தனியாக அடுத்த தாளுக்குப் போகும். எரிச்சல்தான். ஆனால் பெயர் பெயராகவே இருக்கும்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அந்த உத்தரவாதம் இல்லை. அவற்றில் ‘த’ அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில ‘ஜே’. ‘ம’ அடித்தால் ‘கே’. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். அதே கோப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி போனில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. தேடலில் ‘முருகன்’ என்று ஒருங்குறியில் தட்டினால் ஒன்றுமே வராது, பட்டியலில் பத்து முருகன் இருந்தாலும்.

மலையில் இது ஏன் கூடுதலாக உறுத்துகிறது? மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடு திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில். பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தாரோடு முடிவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். சான்றிதழ் இப்போது இணையவழிதான் என்றாலும், விசாரணைக் குறிப்பு, பயனாளிகள் பட்டியல், கிராம சபைத் தீர்மானம் போன்றவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கோப்பு மலையிறங்கி இன்னொரு அலுவலகத்தில் திறக்கும்போது பெயர் குழம்பினால், திரும்பவும் அலைய வேண்டியவர் விண்ணப்பதாரர். பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு அது ஒரு நாள் கூலி.

ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010-இல். எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை, தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் உள்ளிட்ட ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. மிச்சமிருப்பது செட்டிங்ஸ் வேலை: வேர்டில் கண்ட்ரோல், டி அழுத்தி, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்து, ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ கொடுத்து, எல்லா ஆவணங்களுக்கும் என்று சொல்ல வேண்டும். (அந்தப் பகுதியே காணோம் என்றால், ஆபீஸ் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் வரும்.) இதை ஒவ்வொரு ஊழியரின் ஆர்வத்துக்கு விடாமல், மூன்று மாவட்ட நிர்வாகங்களும் ஒரே எழுத்துருவை எல்லாக் கணினியிலும் ஏற்றித் தர வேண்டும். வெளியே போகும் கோப்பில் எழுத்துருவை உட்பொதித்துவிட்டால் பக்கமும் பெரும்பாலும் கலையாது.

பழைய கோப்புகளுக்கு இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் பெயர்களை மட்டுமாவது ஒருவர் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் இனிஷியலைக்கூடத் தமிழெழுத்து என்று நினைத்து அவை மாற்றிவிடும்.