தேயிலைச் சாக்குக்கு இலக்கம் உண்டு. கொழுந்து நிறுவைக்குச் சீட்டு உண்டா?

அக்கரப்பத்தனைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் லொறியில் உள்ள கடதாசிச் சாக்குகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் விற்பனைப் பெயர், தேயிலையின் தரம், இன்வொய்ஸ் இலக்கம், நிகர எடை எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தேயிலை எந்தத் தொழிற்சாலையில் பொதி செய்யப்பட்டது, எந்த ஏலத்தில் யாருக்கு என்ன விலைக்குப் போனது என்று தேடிப் பிடித்துவிடலாம். அதே தேயிலைக்குக் கொழுந்து பறித்த பெண்ணிடம் அன்றைய நிறையைக் காட்டும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறதா? பல தோட்டங்களில் இல்லை.

தேயிலைத்துறையின் டிஜிட்டல் மாற்றத்தை இந்த இடைவெளியிலிருந்து பார்க்க வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. வாங்குவோரும் தரகர்களும் ஒரே மண்டபத்தில் கூடி விலை கூவும் முறை 130 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கணினிக்கு மாறுவது பற்றிப் பல ஆண்டுகள் பேசியும் நடக்காதது, கொரோனா ஊரடங்கின்போது சில வாரங்களில் நடந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஏலம் முழுமையாக இணையவழிக்கு மாறியது. பட்டியல், விலை, கட்டளை எல்லாம் இன்று திரையில். பணம் வரும் முனையில் மாற்றம் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

மலையில் அந்த வேகம் இல்லை. சில கம்பனிகள் டிஜிட்டல் தராசையும் தொழிலாளர் அட்டையையும் கொண்டுவந்துள்ளன. அட்டையைக் காட்டி நிறுத்ததும் எடை நேரே தோட்ட அலுவலகக் கணினிக்குப் போகிறது. கணக்கப்பிள்ளையின் கொப்பியும் செக்ரோலும் மட்டுமே சாட்சியாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றந்தான். எழுத்துப் பிழை குறையும், பெயர் விடுபடுவதும் குறையும். ஆனால் தராசு மாறியதால் மட்டும் கழிவு நின்றுவிடாது.

கழிவு என்றால் என்னவென்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சாக்கின் எடை, மழை நாளில் இலையில் ஒட்டிய நீர், முற்றிய இலை என்று காரணம் சொல்லி, நிறுத்த எடையில் சில கிலோ குறைப்பார்கள். அக்கரப்பத்தனை போன்ற மழை மலையில் நீருக்குக் கழிப்பதில் ஓரளவு நியாயமும் உண்டு. எவ்வளவு என்பதுதான் தகராறு. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. 200 பேரிடம் நாளொன்றுக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் 400 கிலோ கொழுந்து; ஏறத்தாழ 90 கிலோ தேயிலை. அந்தக் கொழுந்து எங்கும் காணாமற்போவதில்லை. தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, இலக்கமிட்ட சாக்கில் ஏறி ஏலத்துக்குப் போகிறது. பறித்தவரின் கணக்கில் மட்டும் அது இல்லை.

டிஜிட்டல் முறையின் உண்மையான பயன் இங்கேதான். மலையில் பதிவான மொத்த எடை, தொழிற்சாலை வாசலில் நிறுத்த எடை, பொதி செய்த தேயிலையின் எடை ஆகிய மூன்றும் ஒரே கணினியில் இருந்தால், கழிவு நியாயமானதா என்பதை ஒரு நாளிலேயே கணக்கிட்டுவிடலாம். கம்பனியால் இது முடியும். கேள்வி, அந்தக் கணக்கைத் தொழிலாளியும் பார்க்கலாமா என்பதே.

சம்பள விவகாரம் இதை மேலும் அவசரமாக்கியிருக்கிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது கூட்டு ஒப்பந்தம் செயலிழந்தது. அதன்பின் ஒரு பெயருக்கு எத்தனை கிலோ என்பது பேச்சுவார்த்தை மேசையிலிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போனது. 2024இல் 1,700 ரூபா என்ற வர்த்தமானி நீதிமன்றத்தில் சவாலுக்கு உள்ளாகி, கடைசியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் நின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ரூபாவாக்கி, அரசு தரும் 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகையையும் சேர்த்து 1,750 ரூபா என்றது. அந்த 200 ரூபா வருகைப் பதிவை நம்பியிருக்கிறது. நிறை குறைந்து அரைப்பெயர் விழுந்தால் சம்பளமும் பாதிக்கப்படும். ஆக, பதிவேடு இன்று வெறும் அலுவலக வேலை அல்ல, அதுவே சம்பளம்.

பதிவேடு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஊழியர் சேமலாப நிதியே உதாரணம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துப் பதிவில் மூன்றாவது என்று இருப்பதால், முப்பது வருடம் உழைத்தவர்கள் சொந்தப் பணத்துக்காக அலைகிறார்கள். பிழையான பெயரைக் கணினியில் ஏற்றினால் பிழை நிரந்தரமாகும்.

வடக்கு கிழக்கு வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். இடம்பெயர்வில் உறுதியையும் அட்டையையும் தொலைத்து, கச்சேரி வாசலில் தன்னை நிரூபிக்க நின்ற எவருக்கும், ஆவணம் அடுத்தவர் அலுமாரியில் மட்டும் இருப்பதன் பொருள் தெரியும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் மலையக மக்களிடம் கேட்டது காகிதத்தைத்தான்.

தீர்வுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் ஒரு சீட்டோ குறுஞ்செய்தியோ வேண்டும். அதில் மொத்த எடை, கழிவு, காரணம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று தொழிலாளர் பிரதிநிதி பார்க்க முடிய வேண்டும். பிழையைத் திருத்தக் கால அவகாசம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகளின் அமுலாக்கம் பிற்போடப்பட்டது. தொழிற்சங்கங்கள் சம்பளத் தொகைக்குக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கையாவது இதற்கும் கொடுக்க வேண்டும்.

வாங்குபவர் ஒரு சாக்கின் வரலாற்றைக் கேட்டால் கம்பனி உடனே கொடுக்கிறது. அதே கணினியிடம் தன் ஒரு நாள் உழைப்பின் கணக்கைக் கேட்கத் தொழிலாளிக்கும் உரிமை இருக்கிறது.