ஈரம் இருந்தும் தாகம்!

மாவடு போடும்போது ஒரு விசித்திரம் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஜாடியில் வடுவையும் கல் உப்பையும் போட்டுக் குலுக்கி வைப்பார்களே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார்கள். இரண்டு மூன்று நாளில் வடு சுருங்கிப் போகும். ஜாடியிலே நீர் தளும்பும். அத்தனையும் வடுவுக்குள் இருந்த தண்ணீர்தான்!

காரணம் இதுதான். ஒவ்வோர் உயிரணுவுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று போர்வையாக இருக்கிறது. அது பலே காவற்காரன். தண்ணீரைத் தாராளமாகப் போக வர விடும். உப்பை எளிதில் விடாது. ஆகவே எந்தப் பக்கம் உப்பு அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போய்ச் சேருகிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

நம் ரத்தத்துக்கும் இதே சட்டம்தான். சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும்; கெட்டி உப்பு நீரில் போட்டால் வற்றிவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அளந்து சேர்க்கிறார்கள். செடியின் உயிரணுவுக்கோ சவ்வுக்கு வெளியே ஒரு சுவரும் உண்டு. ஆகையால் அது வெடிப்பதில்லை. தண்ணீர் நிறைந்தால் விறைத்து நிற்கும், குறைந்தால் துவண்டுவிடும்.

பயிர் துவள வறட்சிதான் வரவேண்டும் என்பதில்லை. நம் நொய்யல் கரையைப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கும் ஆறு அது. பனியன் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க உப்புச் சேர்ப்பார்கள். திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் உப்புக் கழிவு பல ஆண்டுகள் இந்த ஆற்றில்தான் கலந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கிற்று. அணையில் தண்ணீர் இருந்தது, பாய்ச்சத்தான் முடியவில்லை!

"மண்ணுல ஈரம் இருந்தும் பயிர் ஏனுங்க வாடுது?" என்று ஒரு குடியானவர் கேட்டால், மாவடு ஜாடியைத்தான் காட்டவேண்டும். மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுகிறது. உப்பு மிஞ்சினால் வேரில் உள்ள தண்ணீரும் வெளியே போய்விடுகிறது.

விவசாயிகள் வழக்காடினார்கள். கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலையின்றித் தவித்தார்கள்.

அப்புறம் கைகொடுத்ததும் ஒரு சவ்வுதான்! சுத்திகரிப்பு நிலையங்களில், செயற்கைச் சவ்வின் ஒரு புறம் உப்பு நீரை வைத்துப் பம்பினால் அழுத்துகிறார்கள். நல்ல தண்ணீர் மறுபுறம் வந்துவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இயற்கையில் நடப்பதற்கு நேர் தலைகீழ்!

தண்ணீர் உப்பைத் தேடிப் போகக் காலணாச் செலவில்லை. அதைத் திரும்ப அழைத்து வரத்தான் மின்சாரமும் பணமும் வேண்டியிருக்கிறது. நாம் வாங்கும் பனியனின் விலையில் அந்தச் செலவும் சேருவதுதான் நியாயம். இல்லாவிட்டால், அந்தப் பனியனை வாங்காத குடியானவர் அல்லவா அதற்குத் தம் காட்டையே விலையாகக் கொடுக்கவேண்டும்?