ஒரு ஆளுதானா?

"அக்கா, எத்தனை பேரு?"

"ஒரு ஆளு."

"ஒரு ஆளுதானா? வேற யாரும் வரலியா?"

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடப் போகிற ஒவ்வொரு முறையும் இந்த உரையாடல் நடக்கிறது. கேட்கிற தம்பிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு பெர்மிட்டில் வந்து, கடை மாடியில் எட்டுப் பேரோடு படுத்து எழுகிற பையன். அந்தக் கடையிலேயே மிகவும் தனியான ஆள் அவனாகத்தான் இருப்பான். அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தது நாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. இலை போட்டு, சோறு விழுந்து, பாதி சாப்பிட்டு ரசத்துக்குக் காத்திருந்தேன். முதலாளி வந்தார். "மேடம், குடும்பமா வந்திருக்காங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கு. நீங்க ஒரு ஆளுதானே, அங்க மாறிக்கிறீங்களா? புது இலை போட்டுத் தரேன்." அங்கே என்றால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால், தண்ணீர் போத்தல் பெட்டிகள் அடுக்கிய மேசை. நான் எழுந்து போனேன். கோபம் காடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

எனக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்து இருபது வருடமாகிறது. அந்த முடிவுக்கான காரணங்களை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளை பெற்றுக்கொண்டவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லையே.

இருக்கை மாற்றியதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள்: 'குடும்பமா வந்திருக்காங்க, நீங்க ஒரு ஆளுதானே.' என் இலைக்கும் அவர்கள் இலைக்கும் ஒரே விலை. இருந்தும் அவர்களுக்கு ஏதோ ஒரு முன்னுரிமை இருக்கிறது என்பதை அவரும் நானும் அந்தக் குடும்பமும் ஒரு நொடியில் ஒத்துக்கொண்டோம். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நானே எழுந்து நின்றேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கோயிலில் இது இன்னும் நாசூக்காக நடக்கும். அர்ச்சனைச் சீட்டை நீட்டுகிறேன். பேர், நட்சத்திரம் சொல்கிறேன். ஐயர் காத்திருக்கிறார். அடுத்த பெயருக்காக. வீட்டுக்காரர், பிள்ளைகள், மருமகள், பேரன் என்று என் முன்னால் நின்ற அம்மா ஒன்பது பெயர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒன்றோடு நிறுத்தினால் வாய் தவறி நிறுத்தியதுபோல ஓர் இடைவெளி விழுகிறது. "அவ்வளவுதான் சாமி" என்று நான் சொல்லியாக வேண்டும். பின்னால் நிற்பவர்களுக்கும் அது கேட்கும்.

தைப்பூசத்தில் பத்துமலையில் கரும்புத் தொட்டில் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள், கரும்பில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டு, அப்பா ஒரு முனையும் அம்மா ஒரு முனையுமாகத் தோளில் சுமந்து 272 படி ஏறுவார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு பக்கமாக நிற்பேன். ஒரு வருடம் அப்படி நின்றபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதம்மா, அடுத்த வருசம் நீயும் தூக்கிட்டு வருவ" என்றார். அந்தக் கையில் அன்பு இருந்தது. அதை மறுக்கவே முடியாது. ஆனால் அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. என்னிடம் இல்லாத ஒன்றுதான் தெரிந்தது.

அந்த அம்மாவுக்குப் பின்னால்தான் 2006இல் திறந்த அந்தத் தங்க வர்ண முருகன், 140 அடி உயரத்தில் நிற்கிறான். தன்னந்தனியாக. வள்ளி இல்லை, தெய்வானை இல்லை, இடுப்பில் பிள்ளை இல்லை. ஒரு பழத்துக்காக அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரையும் உதறிவிட்டு மலையேறிப்போன ஆள். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான பேர் அவனைப் பார்க்கத்தான் போகிறோம். அவனை யாரும் 'ஒரு ஆளுதானா' என்று கேட்டதில்லை.

ஆண் என்பதால் கேட்கவில்லை என்று சொல்லலாம். சரிதான். தனியாக நடக்க நினைத்த பெண்களுக்கு நம் மரபு வைத்த விலையைப் பாருங்கள். ஔவை ஊர் ஊராகப் போக வேண்டுமென்றால் இளமையை எடுத்துவிடு என்று பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியாக வேண்டியிருந்தது. காரைக்காலம்மையார் பேயுரு கேட்டு வாங்கினார். கதைகள்தான், தெரியும். ஆனால் தெருவில் ஒரு பெண் தனியாகத் திரிய இரண்டே வழி இருக்கிறது, ஒன்று கிழவியாகு, இல்லை பேயாகு என்று ஒரு சமூகம் தனக்குத் தானே கதை சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால் அதை லேசாக விட முடியாது. நாற்பத்தேழு இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற வயது.

ஆண்களுக்கு வேறு மாதிரி. கிள்ளானில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. சாயங்காலம் தாமான் திடலில் நாலு சுற்று நடந்துவிட்டு ஊஞ்சல் பக்கமிருக்கும் பெஞ்சில் உட்காருவார். நிழல் அங்கேதான் இருக்கிறது. அவர் உட்கார்ந்ததும் ஓர் அம்மா மகளைக் கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்துபோகிறார். ஒருநாள் ஜாகா வந்து "அங்கிள், பேரப்பிள்ளைங்க வந்திருக்கா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெஞ்சுக்குப் போவதில்லை. தாய்மார்களின் பயம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன், தினம் செய்தி படிக்கிறோம். ஆனால் அந்தச் செய்திகளில் வருகிறவன் பெரும்பாலும் யார்? மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் வாத்தியார். வீட்டுக்குள் தாராளமாக வந்து போகிற ஆள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவனைச் சந்தேகப்படுவது சுலபம். குடும்பத்துக்குள் இருப்பவனைச் சந்தேகப்படத்தான் தைரியம் வேண்டும்.

நியூயார்க்கில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: பிள்ளையோடு வராத பெரியவர்கள் விளையாட்டுத் திடலுக்குள் போகக்கூடாது. 2010இல் அங்கே திடலுக்குள் இருந்த கல் மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு போலீஸ் சம்மன் கொடுத்தது. ஆடிய இடம், சதுரங்கத்துக்கென்றே போட்ட மேசை. நம் தாமான்களில் அப்படிப் பலகையெல்லாம் தேவைப்படுவதில்லை. பார்வையே போதும்.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்த 'குடும்பம்' ஏதோ நம்மோடு கப்பலேறி வந்த சொத்துபோலப் பேசுவது. யார் இந்த ஊருக்கு வந்தார்கள்? கங்காணி கூட்டிவந்த தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பான்மை ஒற்றை ஆண்கள். 1931இல்கூட மலாயாவிலிருந்த இந்தியர்களில் 1,000 ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், செங்கல் சூளையும் ரயில்வேயும் உண்டாக்கிய இடம். தண்டவாளம் போட்டவன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிராணி என்று தனியாக வந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சோறு போடத்தான் இந்தச் சாப்பாட்டுக் கடைகள் பிறந்தன. சமைக்க வீட்டில் ஆளில்லாதவன்தான் அவற்றின் முதல் வாடிக்கையாளர். வீட்டில் சமைக்க ஆளிருந்த குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை? இன்று அந்தக் கடை வழியில் வந்த ஒருவர் என்னைத் தூணுக்குப் பின்னால் போகச் சொல்கிறார்.

சயாம் ரயிலுக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பி வரவில்லை. தோட்டங்களில் பெண்கள் தனியாக நின்றார்கள். பெற்றவர்கள் போன பிள்ளைகளை யார் யாரோ வளர்த்தார்கள். லயத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளை இல்லாத ஒரு அத்தை, கல்யாணம் கட்டாத ஒரு பெரியப்பா இல்லாத லயம் கிடையாது. அவர்கள் வாசலில் எல்லார் வீட்டுப் பிள்ளையும் கிடக்கும். இன்று கேட் போட்ட தாமானுக்கு வந்த பிறகு, அதே அத்தையை 'பாவம்' என்கிறோம், அதே பெரியப்பாவிடம் ஜாகாவை அனுப்புகிறோம்.

அடுத்து, இனம் அழியுது என்பார்கள். சங்கக் கூட்டங்களில் இதைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. 'ஒன்னுமே பெத்துக்காம இருந்தா நாளைக்குத் தமிழ்ப்பள்ளிக்கு யாரு போறது?' 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. சுதந்திரத்தின்போது மலாயாவில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். குறைந்திருக்கிறோம், உண்மை. ஆனால் 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்களே, அவர்களை அனுப்பியது பிள்ளை வேண்டாமென்ற பெண்களா? இந்த நாட்டில் எல்லா இனத்திலும் பிறப்பு குறைந்திருக்கிறது. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளை, 2020இல் 1.7. மகாதீர் 1984இல் ஏழு கோடி மக்கள்தொகை வேண்டுமென்று கொள்கையே அறிவித்தார். ஒரு பிரதமர் சொல்லியே பெருகாத எண்ணிக்கையை வெள்ளிக்கிழமை என் இலையைத் தூக்கி ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. தமிழ்ப்பள்ளிக்கு ஆள் வேண்டுமென்றால், பிறந்த பிள்ளைகளை அங்கே அனுப்பாத குடும்பங்களிடம் முதலில் போய்ப் பேசட்டும்.

மலாய்க்காரர்கள் மத்தியில் 2024இல் இது பெரிய வாதமாகவே வெடித்தது. தக்க காரணமில்லாமல் பிள்ளை வேண்டாமென்பது மார்க்கத்துக்கு ஏற்றதல்ல என்று சமய விவகார அமைச்சரே கருத்துச் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே அது ஒரு முடிவு என்றாவது மதித்து எதிர்த்தார்கள். நம்மிடம் வாதமே கிடையாது. தலையைத் தடவிவிடுவதோடு சரி.

இந்த இடத்தில் என் தரப்பு ஆட்களோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. பிள்ளை வேண்டாமென்பவர்களில் ஒரு கூட்டம் குழந்தைகளையே தொல்லை என்கிறது. குழந்தை அனுமதியில்லாத கஃபே, குழந்தை அனுமதியில்லாத தங்கும் விடுதி. மலேசிய ஏர்லைன்ஸ் 2011இல் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்றதும், அடுத்த வருடம் ஏ380 விமானத்தின் மேல்தளச் சிக்கன வகுப்பில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாமென்றதும் இவர்கள் கைதட்டிய விஷயங்கள். எனக்கு அது அசிங்கம். அழுகிற குழந்தையோடு ஒரு தாயைப் பின்னால் போகச் சொல்வதும் என்னைத் தூணுக்குப் பின்னால் போகச் சொல்வதும் ஒரே வேலை. ஆள் எந்த வகை என்று பார்த்து இடம் பிரிக்கிற வேலை.

எனக்கு அமைதியான மூலை வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் தெங்கு கிளானா சாலையில், முறுக்குக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில், யார் பிள்ளை யாருடைய காலை மிதிக்கிறது என்று தெரியாத அந்த நெரிசலுக்குள்தான் வேண்டும். என் வீட்டில் சத்தமில்லை, அது நான் தேர்ந்தெடுத்தது. தெருவிலும் சத்தமில்லாமல் இரு என்று நான் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் பிரிக்பீல்ட்ஸில் நடைபாதையோரம் மஞ்சள் புடைப்புக் கட்டைகள் பதித்திருக்கிறார்கள். கையில் குச்சியோடு ஓர் ஆள், கூட யாருமில்லாமல், அதைத் தொட்டுத் தொட்டு கடை வரைக்கும் வந்துவிடுகிறார். தனி ஆளை மனதில் வைத்து நகராட்சி ஒரு தெருவையே போட முடிகிறது. கடைக்காரர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். சீனன் கோப்பிக்கடையில் தினமும் நடக்கிற விஷயம்: மேசை நிறைந்திருந்தால் "இங்க உட்காரலாமா" என்று கேட்டு உட்காருவார்கள். முகம் தெரியாதவர் எதிரில் மீ சாப்பிடுவார், இவர் தே ஓ குடிப்பார், எழுந்து போவார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த குடும்பத்தில் அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். மொத்தம் ஐந்து பேர். தூணுக்குப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். என் மேசைக்கு ஆறு நாற்காலி இருந்தது. ஆறாவது நாற்காலியில் அவர்கள் பையை வைத்தார்கள்.