வெளிச்சத்தை மட்டும் எண்ணினால் போதுமா?

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ஒரு படத்தையாவது கம்ப்யூட்டர் திரையில் வைத்துப் பார்க்காத அறிவியல் மாணவர்கள் குறைவு. ஒரு குவாசாரின் நிறமாலையை அப்படி வைத்துக்கொண்டவர் யாராவது உண்டா? இருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு அது கை நடுங்கும் ஒருவர் கிறுக்கிய கோடு மாதிரி இருக்கும். ஆனால் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அழகான படங்களைவிட அந்தக் கிறுக்கலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

காரணம் எளிது. இரவு மொட்டை மாடியில் நின்று, விளக்கு எரியும் வீடுகளை மட்டும் எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொன்னால் எப்படி இருக்கும்? விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். தொலைதூரக் கேலக்ஸிகளைப் படம் பிடிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. ஏகப்பட்ட இளம் நட்சத்திரங்களோடு பளபளப்பவை படத்தில் விழும். நட்சத்திரமாக மாறக் காத்திருக்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு விழாது. கேலக்ஸிக்கு அரிசி மூட்டை அதுதான், ஆனால் அது வெளிச்சம் போடுவதில்லை.

ஒரேயடியாகப் போடுவதில்லை என்றும் சொல்ல முடியாது. எலக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளியிடும். ஆனால் ஓர் அணு தானாக இதைச் செய்வது சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறை! பக்கத்துக் கேலக்ஸி என்றால் அணுக்களின் எண்ணிக்கை கைகொடுக்கும். தூரம் போகப் போக சிக்னல் தேய்ந்துவிடும். புணேக்கு வடக்கே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளின் இந்த சிக்னலை இந்திய ஆய்வாளர்கள் 2020இல் பிடித்தார்கள். அதுவும் தனித்தனியாக அல்ல, 7,653 கேலக்ஸிகளின் சிக்னலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, சராசரியாக. பெரிய சாதனைதான். ஆனால் அதைவிடப் பழைய வாயுவை எடைபோட வேறு வழி வேண்டும்.

அந்த வழிதான் நிழல். சினிமா தியேட்டரில் புரொஜெக்டருக்குக் குறுக்கே ஒருவர் எழுந்து போனால் முகம் தெரியாவிட்டாலும் ஆள் போனது தெரிகிறதல்லவா? இங்கே புரொஜெக்டர், குவாசார். பெரும் கருந்துளை ஒன்று சுற்றியுள்ள பொருளை விழுங்கும்போது கிளம்பும் வெளிச்சம் அது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையைப் படித்து, நட்சத்திரம் போலத் தெரிந்த அது நம் கேலக்ஸிக்கு வெகு தொலைவில் இருப்பதைக் காட்டினார். குவாசார்களுக்கும் நமக்கும் நடுவே ஒரு கேலக்ஸியின் வாயு குறுக்கிட்டால், அந்த வாயு தனக்குரிய நிறத்தைக் களவாடிக்கொள்ளும். ஹைட்ரஜன் களவாடும் முக்கியமான நிறம் 1,216 ஆங்ஸ்ட்ராம், அதாவது புற ஊதா. லைமன் ஆல்ஃபா கோடு என்பது இதைத்தான்.

புற ஊதாக் கதிரை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்டம் விரிவதால் வழியிலேயே அலைநீளமும் நீண்டுவிடுகிறது. 2.6 மடங்கு நீண்டால் ஓசோன் போட்ட வேலியைத் தாண்டி, தரையில் இருக்கும் தொலைநோக்கிக்கே எட்டிவிடும். விசித்திரம் என்னவென்றால், இந்த விஷயத்தில் தொலைவில் இருப்பவை சுலபம், கிட்டே இருப்பவை கஷ்டம். கிட்டே உள்ளவற்றுக்கு விண்வெளியில் இருக்கும் ஹப்பிள் வேண்டும்.

ஒரு குவாசாரின் நிறமாலையில் இப்படி நூற்றுக்கணக்கான மெல்லிய பள்ளங்கள் நெருக்கமாக இருக்கும். அதற்கு லைமன் ஆல்ஃபா காடு என்று பெயர். பெரும்பாலும் கேலக்ஸிகளுக்கு வெளியே பரவிக் கிடக்கும் வாயு அது. எப்போதாவது அந்தக் காட்டுக்கு நடுவே, அடிவரை கறுத்து, இருபுறமும் சரிந்து விரியும் அகலமான பள்ளம் ஒன்று தென்படும். அதைத்தான் தேட வேண்டும். ஆர்தர் உல்ஃபும் அவருடைய சகாக்களும் 1986இல் இத்தகைய பள்ளங்களை முறையாகத் தேடிய முதல் பட்டியலை வெளியிட்டார்கள். டிஎல்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவற்றுக்கு எல்லைக்கோடு, பார்வைக் கோட்டின் வழியே சதுர சென்டிமீட்டருக்கு 20 லட்சம் கோடி கோடி அணுக்கள். பயமுறுத்தும் எண்! ஆனால் எடை போட்டால் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்று இதைவிட இருபது மடங்குக்கு மேல் கனம். இவ்வளவு மெல்லிய திரைதான், வெளியிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் உள்ளே இருக்கும் அணுக்களின் எலக்ட்ரானைப் பிடுங்காமல் காக்கிறது.

இந்த நிழலுக்குள் என்னென்ன கிடைக்கும்? ஹைட்ரஜனோடு துத்தநாகம், சிலிக்கன், இரும்பு ஆகியவையும் தங்கள் கோடுகளை விட்டுப் போகின்றன. தூசியில் அதிகம் ஒட்டாத துத்தநாகத்தை ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால், அதுவரை எத்தனை நட்சத்திரங்கள் வெந்து வெடித்தன என்பது ஓரளவு தெரியும். இன்னொன்று இதைவிட ஆச்சரியம். புணே ஐயூகா மையத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்தும் இரண்டு சகாக்களும் 2000இல் ஒரு குவாசாருக்கு முன்னால் இருந்த வாயுவில் கார்பன் அணுக்களை ஆராய்ந்து, அண்டத்தின் பின்னணிக் கதிர்வீச்சு அப்போது 6 முதல் 14 கெல்வினுக்குள் இருந்தது என்று கணித்தார்கள். பெருவெடிப்புக் கொள்கை எதிர்பார்ப்பது 9.1. இன்றைக்கு இருப்பதோ 2.7. எந்தப் படத்திலும் தெரியாத தெர்மாமீட்டர் இது.

குறைகளே இல்லையா? உண்டு, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. குவாசார் ஒரு புள்ளி. அதன் ஒளி கேலக்ஸியை ஒரே ஓர் ஊசி குத்துவது போலத்தான் கடக்கிறது. குத்தியது நடு வயிற்றிலா, ஓரத்திலா என்று தெரியாது. வாயுவில் தூசி அதிகமிருந்தால் பின்னால் உள்ள குவாசாரே மங்கிப்போய் பட்டியலில் சேராது. அதாவது நிழலை எண்ணுபவர்களும் சிலரை விட்டுவிடுகிறார்கள்.

இதனால் வந்த சண்டையும் சின்னதல்ல. டிஎல்ஏக்கள் வேகமாகச் சுழலும் பெரிய தட்டுகள், நம் பால்வீதியின் மூதாதையர் மாதிரி என்பது உல்ஃபின் கட்சி. 1997இல் பிரோசாஸ்காவுடன் சேர்ந்து அதற்கான கணக்கையும் வைத்தார். மறு வருடமே மூவர் குழு ஒன்று, சின்னச் சின்ன வாயுக் கட்டிகள் மோதி ஒட்டிக்கொள்வதும் இதே கோடுகளைத் தரும் என்று காட்டியது. ஊசிக் குத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2014இல் உல்ஃப் காலமானார்.

2017இல் சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கி, இப்படி நிழலால் மட்டுமே தெரிந்திருந்த இரண்டு கேலக்ஸிகளின் கார்பன் ஒளியை நேரடியாகப் பிடித்தது. அவற்றில் டிஎல்ஏ0817ஜி என்பதை இன்னும் கூர்மையாகப் பார்த்தபோது, அண்டத்துக்கு 150 கோடி வயதே ஆகியிருந்த காலத்தில், நொடிக்கு 272 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காகச் சுழலும் தட்டு தெரிந்தது. எடை சுமார் 7,200 கோடி சூரியன்கள். 2020இல் வந்த அந்த ஆய்வு அதற்கு உல்ஃப் தட்டு என்று பெயர் வைத்தது. எழுதிய நால்வரில் பிரோசாஸ்காவும் புணேயின் நிஸ்ஸிம் கனேகரும் உண்டு. ஒரு தட்டு கிடைத்ததால் எல்லா டிஎல்ஏக்களும் தட்டுகள்தான் என்று ஆகிவிடாது. ஆனால் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது வெளிச்சம் அல்ல, நிழல்.

பாராட்டெல்லாம் ஆல்மாவின் படத்துக்குப் போனது. முன்பே இடம் சொன்ன நிறமாலைக்கு செய்திகளில் ஒரு வரி கிடைத்திருந்தால் அதிகம். இந்தப் பாரபட்சம் கல்லூரி ப்ராஜெக்ட் வரை வருவதுதான் வருத்தம். வானியல் என்றால் லட்ச ரூபாய்த் தொலைநோக்கி, மலை உச்சி, படம் என்று நினைத்து ஆசையை மூட்டை கட்டிவிடுகிறவர்கள் நிறைய. ஸ்லோன் வானளவை லட்சக்கணக்கான குவாசார்களின் நிறமாலையை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. செம்பெயர்ச்சி 3 உள்ள ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அடிவரை கறுத்த அகலமான பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இல்லையென்றால் அடுத்தது, அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது. பள்ளத்தின் நடு 4,500 ஆங்ஸ்ட்ராமில் இருந்தால் அதை 1,216ஆல் வகுக்க வேண்டும். 3.7 வரும். அந்த வாயுவை ஒளி கடந்தபோது அண்டத்தின் தூரங்கள் இன்றைக்கு இருப்பதில் 3.7இல் ஒரு பங்கு. காலம், சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.