நல்ல முதலாளி என்னும் மூடநம்பிக்கை

அமெரிக்காவில் பணக்காரர்களின் ஜெட்டை ஓட்டும் விமானிகளிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: முதலாளி நல்லவர் என்றால் வேலையும் நல்ல வேலை. நல்லவர் என்றால்? புது கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் வாங்குவார், சம்பளத்தில் கைவைக்க மாட்டார், முக்கியமாக, காக்பிட்டுக்குள் மூக்கை நுழைக்க மாட்டார். இதைவிட ஆபத்தான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

2014 மே 31 இரவு, மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்ட். பிலடெல்பியா இன்குவைரர் நாளிதழின் உரிமையாளர்களில் ஒருவரான லூயிஸ் காட்ஸின் கல்ஃப்ஸ்ட்ரீம் ஓடுபாதையில் வேகமெடுத்தது, எழும்பவில்லை. விமானம் நிற்கும்போது இறக்கை, வால் தகடுகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை யாரும் எடுக்கவில்லை. விமானத்திலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். புறப்படுமுன் கட்டுப்பாடுகளை ஒருமுறை முழுக்க அசைத்துப் பார்த்திருந்தால் சில நொடிகளில் தெரிந்திருக்கும். விசாரணையாளர்கள் பதிவுக் கருவியில் அதே விமானத்தின் முந்தைய 175 புறப்பாடுகளை அலசினார்கள். முழுச் சோதனை நடந்தது இரண்டே முறை.

கத்துக்குட்டிகள் அல்ல; ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பறந்த விமானிகள். அவர்களின் நிறுவனத்துக்குச் சர்வதேசப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ்கூட இருந்தது. மூக்கை நுழைக்காத இடம் எப்படி முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அவர்கள் மட்டும் அப்படி என்றும் சொல்ல முடியாது. பின்னர் அமெரிக்க வணிக விமானச் சங்கம் 1,43,000-க்கும் மேற்பட்ட பயணங்களை ஆராய்ந்ததில் ஏறத்தாழ 18 விழுக்காட்டில் இந்தச் சோதனை அரைகுறை, அல்லது அறவே இல்லை.

பறப்புப் பதிவுகளை மாதந்தோறும் எடுத்துப் பார்க்கும் நிறுவனத்தை 'வேவு பார்க்கிறான்' என்று விமானிகள் திட்டுவதுண்டு. திட்டட்டும். அங்கேதான் நான் விண்ணப்பம் போடச் சொல்வேன்.

தவறான விதத்தில் மூக்கை நுழைக்கும் மறுபக்கமும் உண்டு. 2001 மார்ச் 29, கொலராடோவின் ஆஸ்பென். வாடகை ஜெட்; பயணிகள் தாமதமாக வந்தார்கள். இருட்டிய பிறகு அங்கே இறங்க அந்த விமானத்துக்கு அனுமதி இல்லை. வேறு ஊருக்குத் திரும்ப நேரிடலாம் என்று கேப்டன் சொன்னது வாடகைக்கு எடுத்தவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபம் கம்பெனி அலுவலகம்வரை போனது. கேப்டன் ஆஸ்பெனிலேயே இறங்கப் பார்த்தார். விமானத்திலிருந்த 18 பேரும் மாண்டார்கள். வாடிக்கையாளர் கொடுத்த நெருக்கடியும் துணைக் காரணங்களில் ஒன்று என்று விசாரணை அறிக்கை எழுதியது. அந்த அலுவலகம் கேப்டன் பக்கம் நின்றிருந்தால்?

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. வாடகைப் பயணத்துக்கு அமெரிக்காவில் பணிநேர, ஓய்வு வரம்புகள் உண்டு. தன் சொந்த விமானத்தில் முதலாளி போகும்போது விமானிக்கு அந்த வரம்புகள் பொருந்தாது. விடியலில் கிளம்பி நள்ளிரவில் திரும்பினாலும் கேட்பாரில்லை, நிறுவனமே எழுதி வைத்துக்கொண்ட விதி இருந்தாலொழிய. சம்பளம் பேசுமுன் அந்த விதிகள் உள்ள கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் கிளம்பிவிடலாம்.

வானிலையைச் சொல்லிக் கடைசியாகப் பறக்க மறுத்த விமானி யார், இன்னும் வேலையில் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். முதலாளியிடம் வேண்டாம், அவர் சிரித்துக்கொண்டே நல்ல பதில் வைத்திருப்பார். பயண அட்டவணை போடுகிறவரிடம் கேளுங்கள். பயணம் ரத்தானால் முதல் திட்டு அவருக்குத்தான் விழும்.