பெட்டியைத் திறந்தால் தோட்டம் வராது

ஃபோல்அவுட் விளையாடின ஆக்கள் நாலு பேர் சேர்ந்தா ஒரு கதை கட்டாயம் வரும்: "ஒரு கெக் கிடைச்சா காணும், எல்லாம் சரியாயிடும்." கார்டன் ஒஃப் ஈடன் கிரியேஷன் கிட் என்பதன் சுருக்கம்தான் கெக். 2077 இல் நடக்கும் அணுயுத்தத்துக்குப் பிறகு, நிலவறைகளில் தப்பிய சனம் வெளியில வந்து ஊர் கட்டுவதற்கென்று வோல்ட்-டெக் கம்பனி செய்த பெட்டி. ஒரு சூட்கேஸ் அளவுதான். திறந்தா பாலைவனமும் பச்சையாகும் எண்டு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடதான் எனக்குச் சண்டை.

1998 இல் வந்த ஃபோல்அவுட் 2 ஐ எடுங்கோ. ஆரோயோ கிராமத்தில வறட்சி. கெக்கைத் தேடிக் கொண்டுவா எண்டு எங்களை அனுப்பிவிடுகினம். போற வழியில வோல்ட் சிட்டி வரும். 8 ஆம் இலக்க நிலவறைச் சனம் தங்கட கெக்கைப் பாவிச்சுக் கட்டின நகரம் அது. பெட்டி வேலை செய்திருக்கு: பச்சை இருக்கு, சுத்தம் இருக்கு, நல்ல வைத்தியம் இருக்கு. ஆனா வெளியாளுக்கு மதிலுக்குள்ள இடமில்லை. குடியுரிமைக்கு ஒரு சோதனை. சாதாரண ஆள் பாஸ் பண்ணவே ஏலாது. அடிமைமுறை கூடாது எண்டு வாயால சொல்லிக்கொண்டே, "சேர்வன்ற்" எண்ட பேரில ஒரு கூட்டத்தை வேலைக்கு வைச்சிருக்கினம்.

பக்கத்து ஊரில கூல்கள், அதாவது கதிர்வீச்சால உருக்குலைஞ்ச மனிசர், பழைய அணுமின் நிலையமொன்றை நடத்துகினம். அதிலிருந்து கசியிற கழிவு வோல்ட் சிட்டியின் நிலத்தடி நீரைக் கெடுக்குது. திருத்தத் தேவையான பாகம் வோல்ட் சிட்டியிலேயே கிடைக்கும். ஆனா நகரத் தலைவி லினெட்டுக்கு அதைத் திருத்துறதில விருப்பமில்லை. நிலையத்தை மூடினாப் போதும். ஏதேன் தோட்டம் கையில இருந்தும் அயலவனுக்கு ஒரு இயந்திரப் பாகம் குடுக்க மனம் வரயில்லை.

2008 இல் வந்த ஃபோல்அவுட் 3 இந்தச் சிக்கலைத் தள்ளிவைச்சிட்டு கெக்கை மந்திரப் பெட்டியாக்கிச்சு. 87 ஆம் இலக்க நிலவறையிலிருந்து எடுத்து ஜெஃபர்சன் நினைவகத்துச் சுத்திகரிப்பு இயந்திரத்தோட பொருத்தினா வொஷிங்டனுக்கே நல்ல தண்ணி. பலருக்கு இதுதான் பிடிச்ச வடிவம். ஆனா 2009 இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற தொடர்ச்சியில என்ன நடக்குது? தண்ணி இருக்கு, கொண்டுபோற கரவன்களைத் தாக்குறாங்கள், பங்கிடுற பொறுப்பில இருக்கிறவர் வேலைப்பளுவில திணறுறார். மந்திரம் முடிஞ்ச இடத்தில அரசியல் தொடங்குது.

"அப்ப ஆரோயோ சாகட்டுமோ?" எண்டு கேப்பீங்கள். இல்லை. தாகத்தில கிடக்கிறவனுக்கு முதல்ல தண்ணி வேணும், தத்துவம் பிறகு. விதையும் உரமும் மின்சாரமும் வேண்டாம் எண்டு நான் சொல்லயில்லை. தண்ணி வந்தவுடன நீதியும் தானா வந்திடும் எண்ட பொய்யைத்தான் எதிர்க்கிறன். இன்னொண்டையும் மறக்காதேங்கோ: மக்களைக் காப்பாத்துறம் எண்டு சொல்லி நிலவறைகளைப் பரிசோதனைக்கூடமாக்கின அதே கம்பனிதான் இந்தப் பெட்டியையும் செய்தது.

அழிவுக்குப் பிறகு ஒரு ஊரைக் கட்டுறது எண்டா, கிணத்தைத் தோண்டுறது பாதி வேலை. அந்தக் கிணத்தில ஆர் அள்ளலாம் எண்டு முடிவெடுக்கிறது மிச்சப் பாதி. அந்த முடிவை எந்தப் பெட்டிக்குள்ளயும் வைச்சு அடைக்கேலாது.